அது என் தையல் அல்ல

மெர்வின் ஹேலட்டின் இடுப்பை
அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
முதல் சீசனில் முப்பத்திரண்டு.
மூன்றாவதில் முப்பத்தெட்டு.
நான்காவதில் இருபத்தொன்பது,
அதுவும் பெல்ட்டில் நான் ஆணியால் அடித்த புதுத் துளையில்.
மான்செஸ்டர் ஸ்டூடியோவில் உடைகள் என் பொறுப்பு.
பிரித்தேன், பிடித்தேன், மறுபடி பிரித்தேன்.
கதையில் அவன் மாறக்கூடாதே.
அதே ரயில் நிலையம், தொலைந்த பொருள் அறை,
அதே பழுப்பு வெயிஸ்ட்கோட்.

யாராவது குடை கேட்டு வருவார்கள்.
மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி
ஒற்றைப் புருவத்தை உயர்த்தி
"உங்களுடையதா? நிரூபியுங்கள்" என்பான்.
அவ்வளவுதான்.
போல்டனிலிருந்தும் ஓல்டாமிலிருந்தும் பேருந்தில் வந்து
ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேர்
விலா நோகச் சிரிப்பார்கள்.
மீன்கடையில் சொன்னார்கள். பள்ளியில் சொன்னார்கள்.
என் தங்கை, தன் விவாகரத்து வழக்கில்,
நீதிபதியிடமே சொல்லப் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பதிவுக்கு இரண்டு மணி நேரம் முன்,
இஸ்திரி போடும்போது ஏதோ நறநறத்தது.
இடப்பக்க லைனிங்.
திருப்பினேன்.
கறுப்பு நூல். பழுப்புத் துணியில் நான் கறுப்பு போடமாட்டேன்.
கோழி கிளறியது போல, ஒன்று நீளம் ஒன்று குட்டை.
அது என் தையல் அல்ல.

ஊசிமுனையால் பிரித்தேன்.
பதினான்கு மாத்திரை, சாக்லேட் தாளில் சுருட்டி.
முதுகுவலிக்கு என்று ஆரம்பித்தது.
(இரண்டாம் சீசன், ஏணியிலிருந்து விழுந்தானே.)
முதுகு எப்போதோ ஆறிவிட்டது.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
கழிப்பறை ஆறடி தூரம்.
வெளியே ஒருவன் கூட்டத்துக்குக்
கைதட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.
எனக்கு வாடகை பாக்கி இருந்தது,
எண்பது பேருக்கு அதே மேடைதான் சோறு.
இதெல்லாம் பிறகு தேடிய காரணங்கள்.
அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை.
பழுப்பு நூலைக் கோத்தேன்.
உள்ளே வைத்தேன்.
தைத்தேன்.
என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்ததில்லை.

அன்று நன்றாகத்தான் நடித்தான்.

ஆறு வாரம் கழித்து, மேஜைமேல் ஊன்றிய கை
ஊன்றவில்லை.
மோவாய் மர விளிம்பில் இடிக்க, குடைகளோடு சரிந்தான்.
சிரித்தார்கள்.
எழவில்லை. இன்னும் சிரித்தார்கள்.
பிறகு வரிசை வரிசையாக,
யாரோ விளக்கை அணைத்துக்கொண்டு போவது போல,
நின்றது.
அணைவதற்கு முந்தைய அந்தச் சிரிப்பு நாடாவில் இருக்கிறது.
வேறு தொடர்களில், வேறு யாரோ விழும்போது,
எடுத்துப் போட்டார்கள்.
எனக்கு அடையாளம் தெரியும்.
நடுவில் ஒரு பெண் இருமுவாள்.

மருத்துவமனை. ஷ்ராப்ஷயரில் ஒரு மறுவாழ்வு விடுதி.
வந்தான். போனான். வந்தான்.
ஐந்தாம் சீசனுக்கு ஓர் இளைஞனை எடுத்தார்கள்,
புருவம் நன்றாகவே உயர்த்தினான்.
ஏதோ கடலோர ஊர் கிறிஸ்துமஸ் நாடகத்தில்
மெர்வின் குதிரையின் பின்கால்கள் என்று கேள்வி.
முன்கால்கள் புகார் கொடுத்தனவாம், சாராய வாடை என்று.

போன மார்ச்சில் உடைக் கிடங்குக்கு வந்தான்.
அறுபத்தேழு வயது. கையில் தொப்பி.
ஏதோ நிதிக்காக ஏலமாம், வெயிஸ்ட்கோட் வேண்டுமாம்.
"நூற்று எண்பத்தாறு நாள்" என்றான்,
நான் கேட்காமலே,
விரல் மடக்கி வயது சொல்லும் குழந்தை போல.
எடுத்துக் கொடுத்தேன்.
போட்டுப் பார்க்கவில்லை.
விரல் நேரே இடப்பக்க லைனிங்குக்குப் போனது,
மடிப்போரம் மெல்ல நடந்து
ஓரிடத்தில் நின்றது.

"உங்களுடையது" என்றான்.

புருவத்தைப் பார்த்தேன். உயரவில்லை.
நிரூபிக்கச் சொல்வான் என்று காத்திருந்தேன்.
சொல்லவில்லை.
வயிற்றைத் தட்டிக்காட்டி,
"இப்போது முப்பத்தாறு" என்றான்.
டேப்பை எடுத்துச் சுற்றினேன்.
முப்பத்தேழரை.